தன்னீன்: தோற்ற பகையின் பெயர்

இன்றைய சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். விவிலியத்தின் எபிரேய மூலத்தில் வரும் 'தன்னீன்' என்பது அது. டிராகன் என்று உலகம் இன்று அழைக்கும் கற்பனைக்கு மேற்காசியாவில் வழங்கிய மிகப் பழைய பெயர்களில் ஒன்று. தமிழ்த் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டுவரும் பழைய மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லைத் தேடிப் போனால், அது இடத்துக்கு ஒரு முகம் காட்டும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் அது 'மகா மச்சம்'. பார்வோனுக்கு முன்னால் ஆரோன் போட்ட கோல் மாறியபோது அது 'சர்ப்பம்'. யோபுவின் வாயில் 'திமிங்கிலம்'. சங்கீதங்களிலும் ஏசாயாவிலும் 'வலுசர்ப்பம்'. நான்கு பெயர்களுக்கும் பின்னால் மூலத்தில் நிற்பது ஒரே சொல்தான். மொழிபெயர்த்தவர்கள் கவனம் குறைந்தவர்கள் அல்லர். ஒவ்வோர் இடத்திலும் சூழலைப் பார்த்து, 'இது எந்த உயிரினம்?' என்று கேட்டு, கிடைத்த விடையை எழுதினார்கள். அந்தக் கேள்வியே இந்தச் சொல்லுக்குப் பொருந்தாது என்பதுதான் இங்கே நான் நிறுவ விரும்புவது. தன்னீன் ஓர் உயிரினத்தின் பெயராக நமக்கு அறிமுகமாகவில்லை. தெய்வத்தோடு பொருதித் தோற்ற ஒரு பகையின் பெயராக அறிமுகமாகிறது. பிற்பாடு அது மீனுடல் கொண்டாலும் பாம்புடல் கொண்டாலும் முதலையுடல் கொண்டாலும் அந்தப் போரின் நினைவு அதை விட்டுப் போகவில்லை. அதை எடுத்தாண்டவர்களில் பெரும்பாலோர் அந்த நினைவை நம்பித்தான் எடுத்தாண்டார்கள்.

முதற்சான்று விவிலியத்துக்கு வெளியே இருக்கிறது. சிரியாவின் கடற்கரையில், லதாகியா நகருக்கு வடக்கே, ராஸ் ஷம்ரா என்றொரு மேடு உண்டு. 1928-இல் அதற்குப் பக்கத்தில் ஓர் உழவரின் கலப்பை பழங்கல்லறை ஒன்றின் கல்லில் இடித்தது. மறு ஆண்டு குளோட் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சு அகழாய்வு தொடங்கியது. மண்ணுக்கடியில் இருந்தது கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துபோன உகரித் என்னும் துறைமுக நகரம். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் ஆப்பெழுத்து இருந்தது. ஆனால் பாபிலோனியரின் நூற்றுக்கணக்கான குறிகள் இல்லை, 30 எழுத்துகள் மட்டுமே. ஹான்ஸ் பவர், எதுவார் தோர்ம், ஷார்ல் விரோலோ ஆகிய மூவரின் உழைப்பால் அந்த எழுத்து ஓரிரு ஆண்டுகளுக்குள் படிக்கப்பட்டுவிட்டது. எபிரேயத்துக்கு மிக நெருங்கிய உறவுள்ள மொழி அது. இலிமில்கு என்னும் எழுத்தர் எழுதிவைத்த பாகால் தெய்வத்தின் கதையில் ஒரு காட்சி வருகிறது. பாகாலின் தூதர்கள் தொலைவில் வருவதைக் கண்டதும் அனாத் தேவியின் கால்கள் நடுங்குகின்றன; முகத்தில் வியர்வை அரும்புகிறது. பாகாலுக்கு எதிராக மறுபடியும் யாரோ எழுந்துவிட்டார்கள் என்று பதறி, தான் முன்பு அடக்கிய பகைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கடல் வருகிறது, பேராறு வருகிறது, ஏழு தலைகொண்ட சுருள்பாம்பு வருகிறது. அவற்றோடு தன் கையால் கட்டுண்ட 'துன்னன்' வருகிறது. நம் சொல்லின் மூத்த வடிவம் அது. உகரித்திய எழுத்தில் உயிரொலிகள் காட்டப்படுவதில்லை. ஆயினும் அதே நகரத்தில் கிடைத்த நான்கு மொழிச் சொற்பட்டியல் ஒன்று அந்தச் சொல்லை 'துன்னனு' என்று அசை பிரித்து எழுதி, பாம்புக்குரிய வரியில் வைத்திருக்கிறது. உடல் பாம்புடல், இடமோ பகைவர் வரிசை. இரண்டும் தொடக்கத்திலேயே சேர்ந்திருக்கின்றன.

இங்கே ஒரு சிறு விலக்கம் தேவைப்படுகிறது. தன்னீன் என்று காதில் விழுந்ததும் தமிழர் பலருக்கும் 'தண்ணீர்' நினைவு வரும். நீரில் வாழும் பூதத்துக்கு நீரின் பெயர் என்று ஒரு வழி திறப்பதுபோலத் தோன்றும். அந்த வழியில் ஓரடிகூட வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் என்பது தண்மையும் நீரும் சேர்ந்த தொகைச்சொல். தன்னீன் செமித்திய மொழிகளின் சொல். உகரித், எபிரேயம், அரமேயம், அரபு ஆகியவற்றில் அதன் உறவுச் சொற்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கட்டினால் சொல்லாராய்ச்சி தன் நம்பகத்தை இழந்துவிடும். தமிழுக்கும் அதனால் பெருமை சேராது.

உகரித் அழிந்து சில நூற்றாண்டுகள் கழிந்த பிறகு எழுதப்பட்டவை எபிரேய நூல்கள். இடையில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது அந்தக் கதை இவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடை ஏசாயாவின் 27ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது. உகரித் பலகையில் பாகால் வீழ்த்திய பாம்புக்கு 'லீத்தான்' என்று பெயர். விரைந்தோடுவது, சுருண்டு வளைவது என்று பொருள்படும் இரண்டு அடைமொழிகள் அதற்கு உண்டு. ஏசாயாவில் லிவியாதான் என்னும் பாம்புக்கு வரும் அடைமொழிகள் அந்த இரண்டேதான். சொற்களும் உறவுச் சொற்கள், வரிசையும் அதே வரிசை. அவற்றைத் தொடர்ந்து கடலிலுள்ள தன்னீன் கொல்லப்படும் என்ற செய்தி வருகிறது. சிதைந்து புதைந்துபோன நகரத்தின் பலகையை எபிரேயப் புலவர் எவரும் படித்திருக்க வழியில்லை. கானான் நிலமெங்கும் வாய்வழியாக ஓடிய பாட்டு மரபு ஒன்று இருவருக்கும் பொதுவாக இருந்தது என்று கொள்வது தவிர வேறு விளக்கம் இல்லை. உகரித் வெளிப்படுவதற்கு முன்பே, 1895-இல், ஹெர்மன் குங்கல் விவிலியத்தின் ஆழ்கடல் போர் பற்றி ஒரு பெருநூல் எழுதி, அதன் வேர் பாபிலோனின் கடல்தெய்வமான தியாமத்தின் கதையில் இருப்பதாகச் சொன்னார். போர் உண்டு என்று அவர் கண்டது சரி. அந்தப் போரின் ஊர் பாபிலோனை விடப் பக்கத்தில் இருந்தது என்பதை உகரித் காட்டியது.

இந்தப் பின்னணியோடு ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்துக்கு வருவோம். இந்தச் சொல்லின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான இடம் வேறு இல்லை என்பது என் முடிவு. அந்த அதிகாரத்தை எழுதியவர் பெயர்களைப் பொறுத்தவரை மிகவும் சிக்கனமானவர். நான்காம் நாளில் சூரியனும் சந்திரனும் தோன்றும்போது அவற்றின் பெயர்களை அவர் சொல்வதில்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்று மட்டும் குறிக்கிறார். சுற்றியிருந்த மக்களிடையே சூரியன், சந்திரன் என்ற சொற்களே தெய்வங்களின் பெயர்களாகவும் வழங்கின. அதனால் அவற்றைத் தவிர்த்தார் என்று ஆய்வாளர் பலர் விளக்கியிருக்கிறார்கள். உயிரினங்களிலும் அப்படியே. பறவை என்பார், கால்நடை என்பார், ஊர்வன என்பார். சிங்கம், கழுகு, ஆடு என்று ஒன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அப்படிப்பட்டவர் ஐந்தாம் நாளில் மட்டும் தன் வழக்கத்தை மீறி, பெரிய தன்னீன்கள் என்று பெயரைச் சொல்லிவிடுகிறார். கை தவறிச் சொன்னதா? இல்லை என்பதற்கு அதே வாக்கியத்தின் வினைச்சொல் சான்று. 'பாரா' என்ற எபிரேய வினை கடவுளின் படைப்புச் செயலுக்கு மட்டும் உரியது. அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் வானமும் பூமியும் படைக்கப்படும்போது அது வருகிறது. மனிதன் படைக்கப்படும் 27ஆம் வசனத்தில் மூன்று முறை வருகிறது. நடுவில் அது வரும் ஒரே இடம் தன்னீன்கள் தோன்றும் 21ஆம் வசனம். நில விலங்குகளுக்குக்கூட 'செய்தார்' என்னும் பொது வினைதான் கிடைத்திருக்கிறது. பிரபஞ்சம், தன்னீன், மனிதன் ஆகிய மூன்றுக்கும் ஒரே வினை. இது போதாதென்று அடுத்த வசனத்தில் விவிலியத்தின் முதல் ஆசீர்வாதம் வருகிறது. பலுகிப் பெருகும்படி வாழ்த்தப்பட்ட முதல் கூட்டத்தில் தன்னீனும் இருக்கிறது.

கேட்டவர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தெய்வத்தின் தொல்பகைவன் என்று பாட்டில் கேட்டு வளர்ந்த பெயர். உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்தது, அதை அடக்கினால்தான் உலகம் நிலைக்கும் என்று அக்கம்பக்கத்தார் நம்பிய பூதம். அதை எடுத்து ஐந்தாம் நாள் வேலையில் ஒரு வரியாக வைத்து, இதையும் அவரே படைத்தார், நல்லதென்று கண்டார், வாழ்த்தினார் என்று எழுதுகிறார் ஒருவர். பகைவனைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டார். அங்கே 'மகா மச்சங்கள்' என்று வாசிக்கும் தமிழருக்கு இதில் ஒன்றும் போய்ச் சேராது. பெரிய மீன்களைப் படைத்தார் என்பதில் வியக்க என்ன இருக்கிறது? இந்தப் பிழை தமிழில் தொடங்கியதும் அன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்த யூதர்கள் மற்ற இடங்களில் பெரும்பாலும் 'டிராக்கோன்' என்று எழுதியவர்கள், இங்கே மட்டும் பெருங்கடல் விலங்கைக் குறிக்கும் 'கேத்தோஸ்' என்று மாற்றினார்கள். ஜெரோமின் லத்தீன் அதைப் பின்பற்றியது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு அதைத் திமிங்கிலமாக்கியது. அலெக்சாந்திரியர்கள் அந்த வரியின் கூர்மையை உணர்ந்துதான் மழுக்கினார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜப்பானிய அறிஞர் டேவிட் சுமுரா, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் போரே இல்லை, ஆழத்தைக் குறிக்கும் 'தெஹோம்' என்ற சொல் தியாமத்திலிருந்து வந்த கடனும் அன்று, ஆகவே அங்கே போர்க்கதையின் சுவடு தேடுவது வீண் என்று விரிவாக வாதாடியிருக்கிறார். தெஹோம் பற்றி அவர் சொல்வதை மறுக்க எனக்குக் காரணமில்லை. அது பொதுச் செமித்தியச் சொல். போர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் போர் இல்லை என்பதிலிருந்து போரின் நினைவும் இல்லை என்ற முடிவுக்குத் தாண்டிச் செல்ல முடியாது. இதே மக்கள் வழிபாட்டில் பாடிய 74ஆம் சங்கீதம் கடவுள் தண்ணீரின்மேல் தன்னீன்களின் தலைகளை உடைத்ததைச் சொல்கிறது. ஏசாயாவின் 51ஆம் அதிகாரம் தன்னீன் குத்துண்டதைச் சொல்லி, அதே மூச்சில் செங்கடல் வற்றியதைச் சொல்கிறது. இந்தப் பாடல்களோடு வாழ்ந்த ஒரு சமூகத்தின் நடுவில் உட்கார்ந்து, ஒரு விலங்குப் பெயர்கூட எழுதாதவர் இந்த ஒரு பெயரை மட்டும் எழுதுகிறார் என்றால், போரை விட்டுவிட்டதே அவர் சொல்ல வந்த செய்தி. உம்பெர்த்தோ கசூத்தோ என்ற யூத உரையாசிரியரும் இந்த வரியை அக்கம்பக்கத்துக் கதைகளுக்குத் தரப்பட்ட மறுமொழியாகவே வாசித்தார்.

யாத்திராகமத்தில் கோல் மாறும் இடத்தைப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு தெரிந்து கையாளப்பட்டது என்பது புலப்படும். நான்காம் அதிகாரத்தில், வனாந்தரத்தில், மோசேயின் கோல் தரையில் விழுந்து 'நாஹாஷ்' ஆகிறது. நாஹாஷ் என்றால் சாதாரணப் பாம்பு. மோசே விலகி ஓடுகிறான். வாலைப் பிடித்ததும் மறுபடி கோலாகிறது. ஏழாம் அதிகாரத்தில், அரண்மனையில், பார்வோனுக்கு எதிரே ஆரோன் கோலைப் போடும்போது அது தன்னீன் ஆகிறது. மந்திரவாதிகளின் கோல்களும் தன்னீன்களாகின்றன. ஆரோனின் கோல் அவற்றை விழுங்குகிறது. மறுநாள் ஆற்றங்கரைக்குப் போகச் சொல்லும்போது, பாம்பாக மாறிய கோல் என்று மறுபடியும் நாஹாஷ் வந்துவிடுகிறது. இரண்டு மூல நூல்கள் பின்னப்பட்டதால் வந்த வேறுபாடு இது என்பது ஒரு விளக்கம். அதை ஒப்புக்கொண்டாலும், தன்னீன் என்று எழுதியவர் அரண்மனைக் காட்சிக்கு ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்ற கேள்வி மிஞ்சும். காட்டில் ஒருவனுக்குக் காட்டும் அடையாளத்துக்குப் பாம்பு போதும். எகிப்தின் அரசன் முன்னால் நிற்பது இரண்டு வல்லமைகள் மோதும் களம். அங்கே விழுங்கலும் விழுங்கப்படுதலும் பழைய போரின் மொழியிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. அலெக்சாந்திரியர்கள் இந்த வேறுபாட்டைக் காத்தார்கள். ஓரிடத்தில் 'ஓஃபிஸ்', மற்றோரிடத்தில் 'டிராக்கோன்' என்று பிரித்தெழுதினார்கள். தமிழில் இரண்டும் சர்ப்பமாகிவிட்டன.

எகிப்து என்றதும் எசேக்கியேலின் 29ஆம் அதிகாரம் வந்துவிடுகிறது. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாட்களில், ஏறக்குறைய கி.மு. 587-இன் தொடக்கத்தில், பார்வோனை நோக்கிச் சொல்லப்பட்ட வாக்கு அது. தன் ஆறுகளின் நடுவே படுத்துக்கொண்டு, இந்த ஆறு நான் உண்டாக்கியது என்று சொல்லும் பெரிய தன்னீன் அவன். அதன் தாடையில் தூண்டில் மாட்டப்படும்; ஆற்று மீன்கள் செதில்களில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்; வனாந்தரத்தில் எறியப்பட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். இது நைல் முதலைதான், இதில் புராணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செதிலும் ஆறும் முதலையை நினைவூட்டுவது உண்மை. ஆனால் மூன்று அதிகாரம் தள்ளி அதே பார்வோன் கடல்களில் இருக்கும் தன்னீன் என்று அழைக்கப்படுகிறான்; நைல் முதலை கடல்களில் இராது. உடலை இரையாகக் கொடுப்பதும் 74ஆம் சங்கீதத்தில் லிவியாதானுக்கு நேர்ந்த முடிவு. எசேக்கியேல் முதலையின் தோலை எடுத்துப் பழைய பகைவனுக்குப் போர்த்தியிருக்கிறார். எரேமியாவின் 51ஆம் அதிகாரமோ இதே சொல்லை எதிர்த்திசை அரசனுக்குக் கொடுக்கிறது. தன்னீனைப்போல எருசலேமை விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டவன் நேபுகாத்நேச்சார். பாபிலோனில் முதலை எங்கே வந்தது? அவன் கட்டிய, பெர்லினில் மீட்டமைக்கப்பட்டிருக்கும் இஷ்தார் வாயிலின் நீலச் செங்கற்களில் ஒரு விலங்கு வரிசையாக நடந்து செல்கிறது. பாம்புத் தலை, செதில் போர்த்த உடல், முன்னங்கால்கள் சிங்கத்தினுடையவை, பின்னங்கால்கள் கழுகினுடையவை, தேள் கொடுக்கு போன்ற வால். மர்துக் தெய்வத்தின் முஷ்ஹுஷ்ஷு அது. சிறைப்பட்டுச் சென்றவர்கள் அந்தச் சுவரைப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்தான். ஆனால் அந்த உவமைக்கு விலங்கியலைவிட அந்தச் சுவர் பொருத்தமான உரை.

இந்த அரசியல் பயன்பாடு விவிலியத்தோடு முடிந்துவிடவில்லை. கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்துச் சுவடிக் குவியலிலிருந்து சாலமன் ஷெக்டர் கண்டெடுத்து 1910-இல் வெளியிட்ட 'தமஸ்கு நூல்' என்ற பிரதி, பின்னர் சாக்கடல் குகைகளிலும் துண்டு துண்டாகக் கிடைத்தது. உபாகமத்தின் 32ஆம் அதிகாரத்தில் பகைவரின் திராட்சமதுவைத் தன்னீன்களின் விஷம் என்று சொல்லும் அடி ஒன்று உண்டு. அந்த நூல் அதற்கு உரை சொல்கிறது: தன்னீன்கள் என்பவை மக்களினங்களின் அரசர்கள், மது என்பது அவர்களுடைய வழிகள், விரியனின் நஞ்சு என்பது யாவான் அரசர்களின் தலைவன். எபிரேயத்தில் 'ரோஷ்' என்பது நஞ்சுக்கும் தலைக்கும் பொதுவான சொல். அந்தச் சிலேடையில்தான் உரை நிற்கிறது. யாவான் கிரேக்கர், நம் இலக்கியங்களின் யவனர் என்ற சொல்லுக்கு உறவு. பாட்டில் வெறும் நச்சுப்பாம்பாக இருந்ததைக்கூட அரசனாக வாசிக்கும் அளவுக்கு அந்தப் பெயரில் பகையின் மணம் ஏறியிருந்தது.

அந்த உபாகம அடியும் 91ஆம் சங்கீதமும் என் வாதத்துக்கு எதிராக நிறுத்தப்படக்கூடிய சான்றுகள் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டிலும் தன்னீன் விரியனுக்கு இணையாக, காலால் மிதிக்கக்கூடிய, நஞ்சுள்ள பாம்பாகத்தான் வருகிறது. அங்கே கடலும் இல்லை, போரும் இல்லை. பேச்சு வழக்கில் அந்தச் சொல் பெரும்பாம்பைக் குறித்திருக்கலாம். நெகேமியா இரவில் எருசலேம் மதிலைச் சுற்றிவந்தபோது கடந்துபோன தன்னீன் ஊற்று அப்படியொரு ஊர்ப்பேச்சுப் பெயராக இருக்கலாம். இதை ஒப்புக்கொள்கிறேன். பகைவனின் பெயருக்கு அன்றாடப் பயன் இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு கவிதை அடிகளில் பாம்பாக வந்தது என்பதற்காக, மற்ற எல்லா இடங்களிலும் பாம்போ மீனோ தேடுவதுதான் தவறு என்கிறேன். சொல்லின் எடையை அளக்க, அதை எழுதியவர் அதனிடம் அதிகம் எதிர்பார்த்த இடங்களைத்தான் பார்க்க வேண்டும். யோபு நாற்றமெடுத்த புண்களோடு சாம்பலில் உட்கார்ந்து, எனக்குக் காவல் வைக்க நான் கடலா, தன்னீனா என்று கேட்கிறான். உலகத்தையே அழிக்கக்கூடிய பகைவனுக்கு வைக்க வேண்டிய காவலை, மூச்சுவிடவே திணறும் ஒரு மனிதன்மேல் வைக்கலாமா என்பது அந்தக் கேள்வி. 'திமிங்கிலமோ' என்று தமிழில் வாசிக்கும்போது கேள்வி விளங்காமல் நிற்கிறது. திமிங்கிலத்துக்கு யார் காவல் வைக்கிறார்கள்? 148ஆம் சங்கீதத்தில் கடவுளைத் துதிக்கும்படி பூமியிலிருந்து முதலில் அழைக்கப்படுவது தன்னீன்களும் ஆழங்களும். பகைவன் பாடகர் வரிசையில் முதலில் நிற்கிறான். அங்கும் தமிழில் மகா மச்சங்கள்தான்.

இன்னொரு குழப்பத்தைத் தீர்க்காமல் மேலே போக முடியாது. எபிரேயத்தில் 'தன்' என்று ஒரு சொல் உண்டு. பாழிடங்களில் ஊளையிடும் நரி. அதன் பன்மை 'தன்னிம்'. தன்னீனோ ஒருமை, அதன் பன்மை 'தன்னீனிம்'. கடைசி மெய்யில்தான் வேறுபாடு. அரமேயம் பேசியவர்களுக்கு 'ஈன்' என்பதே பன்மை ஈறு. எழுத்தர்களே தடுமாறினார்கள். எசேக்கியேலில் பார்வோனைக் குறிக்கும் ஒருமை 'தன்னிம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. புலம்பல் நான்காம் அதிகாரத்தில் முலைகொடுத்துக் குட்டிகளை வளர்க்கும் விலங்கு சுவடியில் 'தன்னீன்' என்றும், ஓரத்தில் குறிக்கப்பட்ட வாசிப்பில் 'தன்னிம்' என்றும் இருக்கிறது. நரி குட்டிக்குப் பால் கொடுக்கும், பாம்பு கொடுக்காது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே திமிங்கிலம் என்று போட்டார்கள். தன்னீனையும் விடக்கூடாது, பாலும் பொருந்த வேண்டும் என்று அவர்கள் பட்ட பாடு அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. மீகாவில் ஊளை இருந்ததால் 'ஓரி' என்று சரியாகவே எழுதினார்கள். எரேமியாவின் ஒன்பதாம் அதிகாரத்தில் பாழான எருசலேமில் குடியேறும் நரிகள் மட்டும் வலுசர்ப்பங்களாகிவிட்டன. இந்த வரிகளை என் வாதத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது; இவை வேறு சொல்லின் வரிகள்.

கிரேக்கத்தில் நடந்தது தனிக்கதை; சுருக்கமாகச் சொல்கிறேன். டிராக்கோன் என்பது அலெக்சாந்திரியர்களுக்குக் கிடைத்தபோது நெருப்பு கக்கும் சிறகுப் பூதம் அன்று. ஹோமரின் இலியத்தில் ஔலிஸ் துறையில் மரத்தேறி எட்டுக் குஞ்சுகளையும் தாய்க்குருவியையும் விழுங்குவது டிராக்கோன். அது பெரிய பாம்பு, அவ்வளவுதான். பார்த்தல் என்று பொருள்படும் வினையோடு அதைச் சேர்த்து, கூர்ந்து விழிப்பது என்று விளக்குவார்கள். அந்தப் பாம்புப் பெயருக்குள் தன்னீனின் போர் முழுவதும் ஊற்றப்பட்டது எபிரேய நூல்களை மொழிபெயர்த்தபோதுதான். அதன் விளைச்சல் வெளிப்படுத்தின விசேஷத்தின் 12ஆம் அதிகாரம்: ஏழு தலை டிராக்கோன், ஆதிப் பாம்பு, பிசாசு, சாத்தான் நான்கும் ஒருவனாகின்றன. ஐரோப்பாவின் டிராகனுக்குப் பகைமை முழுவதும் அங்கிருந்து வந்தது. ரோமப் படையின் ஒவ்வொரு 'கோஹோர்ட்' பிரிவிலும் கழியில் பறந்த டிராகோ கொடிக்கு அது இல்லை. ருமேனிய மொழியில் 'டிராக்' என்றால் பிசாசு என்றே ஆனதற்கு அது உண்டு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது யூதர்கள் பக்கம் நடந்தது. ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, சூரியன், சந்திரன், டிராகன் உருவம் பொறித்த பாண்டம் கிடைத்தால் சாக்கடலில் எறியச் சொல்கிறது. அங்கே அது எழுதுவது 'திராக்கோன்' என்ற கிரேக்கச் சொல். பிறர் வணங்கும் உருவத்துக்குப் பிறர் சொல். தங்கள் சொல்லான தன்னீனை அதற்குக் கொடுக்கவில்லை. ஆதியாகமம் அதை வாழ்த்தப்பட்ட உயிராக்கியபின் எப்படிக் கொடுப்பார்கள்?

அரபியில் இச்சொல் 'தின்னீன்'. 10ஆம் நூற்றாண்டின் அல்மஸ்ஊதி, கடலில் தோன்றும் தின்னீன் என்பது அடிக்கடலிலிருந்து எழும் கருங்காற்றே என்று சிலர் கூறுவதைப் பதிவு செய்கிறார். கடலிலிருந்து மேகத்துக்கு நீளும் நீர்த்தூணைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இராது. வானியலில் அதற்கு இன்னொரு வேலை கிடைத்தது. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு அருகில்தான் கிரகணங்கள் நேரும். இந்திய வானியலில் அவை ராகுவும் கேதுவும். இந்தக் கருத்து பாரசீகம் வழியாக அரபு வானியலுக்குச் சென்றபோது அந்தப் புள்ளிகள் தின்னீனின் தலை, தின்னீனின் வால் என்று பெயர் பெற்றன. அங்கிருந்து லத்தீனுக்குப் போயின. நிலவு ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு அதே புள்ளிக்குத் திரும்பும் 27.2122 நாட்களை இன்றைய வானியலும் டிராகன் மாதம் என்றே சொல்கிறது. தெய்வங்களுக்குள் புகுந்து தலை வெட்டுண்டவன் நம் ராகு. தோற்ற பகைவன் ஒருவனின் பெயரை இன்னொரு தோற்ற பகைவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். எந்த விலங்கும் இங்கே தேவைப்படவில்லை.

இன்றைய எபிரேயத்தில் தன்னீன் என்றால் முதலை. 'தன்' என்றால் நரி. டிராகனுக்குக் கிரேக்கக் கடன்சொல்லே நிலைத்துவிட்டது. ஒரு மொழி தன் அன்றாடத் தேவைக்குப் பழஞ்சொல்லை ஒதுக்கிக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. ஆனால் இன்றைய முதலையைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய நூல்களுக்குள் விடுவதை ஏற்க முடியாது. தமிழில் என்ன எழுதலாம்? மாசுணம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. நற்றிணையில் அது யானையையே பற்றும் பெரும்பாம்பு. ஆனால் அதில் தெய்வப் போரின் நினைவு இல்லை. அதைக் காட்டின் சொல்லாகவே விட்டுவிடலாம். வலுசர்ப்பம் ஏற்கெனவே திருச்சபைத் தமிழில் வேர்விட்டிருக்கிறது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பின் அரக்கப் பாம்பும் அதே பணியைச் செய்கிறது. வலுசர்ப்பம் சாத்தானின் பெயராயிற்றே, அதை ஆதியாகமத்தில் எழுதினால் எளிய வாசகர் கலங்கிப்போவாரே என்று போதகர்கள் அஞ்சக்கூடும். அந்த வரியை முதன்முதல் கேட்டவர்களும் கலங்கியிருப்பார்கள்; அந்தக் கலக்கத்தை உண்டாக்கத்தான் அது எழுதப்பட்டது. புற்றுக்குப் பால் வார்க்கும் கையும் பாம்புக்கு அஞ்சும் நெஞ்சும் ஒன்றாக இருக்கும் தமிழருக்கு, அஞ்சத்தக்க ஒன்று வாழ்த்தப்பட்டதாகவும் இருக்கலாம் என்பது புரியாமல் போகாது.

ஆகவே பழைய மொழிபெயர்ப்பை இனித் திருத்த உட்காருவோரிடம் ஒரு வேண்டுகோள். நரிகளை நரிகளாக்கிவிடுங்கள். ஆரோனின் கோல் மாறும் இடத்திலும், யோபுவின் கேள்வியிலும், 148ஆம் சங்கீதத்திலும், எல்லாவற்றுக்கும் முன்பாக ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் 21ஆம் வசனத்திலும் வலுசர்ப்பம் என்றே எழுதுங்கள். வாசகர் தயங்குவார் என்று தோன்றினால் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் குறிப்புப் போடுங்கள். அங்கே மீனை மட்டும் வைக்காதீர்கள்.